மூன்றாம் ஓலை

2012 ஜூன் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசையில் அபினாவின் இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது.

கடற்கரையில் கல்யாணம் என்றால் மூன்று ஓலை. அடுத்தடுத்து மூன்று ஞாயிறு பூசை முடிவில் சாமியார் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்பார். யாரும் தெரிவிப்பதில்லை. ஆனால் மூன்றும் வாசித்து முடியும்வரை பெண் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை ஜெஃப்ரின் ஒரு சிநேகிதனைக் கல்யாணத்துக்கு அழைக்கக் குலசேகரம் போனான். திரும்பும்போது மழை. ரப்பர் தோட்டத்து வளைவில் பைக் சறுக்கி, அவன் தலை மைல்கல்லில் மோதியது.

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தான். கால் வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. "வார்த்தையெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. வெளிய வாற வழிதான் அடைஞ்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. தண்ணீர் வேண்டும் என்றால் அவனுக்கு டம்ளரைத் தெரியும், தாகத்தைத் தெரியும், தண்ணீர் என்ற சொல்லும் தெரியும். வாயைத் திறந்தால் "த... த..." அவ்வளவுதான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான்.

கடியப்பட்டணத்தில் படகு என்ஜின் பழுது பார்ப்பவன் அவன். அதற்கு முன் நாலு வருடம் பஹ்ரைன். அங்கே அறையில் உடன் இருந்த ஒரு கோவாக்காரன் அவனுக்கு ஒரு பைத்தியத்தைப் பிடிக்கவைத்திருந்தான். பழைய ஆங்கிலப் பாட்டுகள். அவன் பிறப்பதற்கு முன்பே வந்தவை. நீளமுடி வைத்த ஆட்கள், கிட்டார், டிரம்ஸ், தொண்டை கிழிகிற குரல். கழற்றிப்போட்ட என்ஜினுக்குப் பக்கத்தில் ஃபோனில் அது ஓடிக்கொண்டே இருக்கும். நிச்சயம் முடிந்த பிறகு ஒருநாள் முட்டம் பாறையில் உட்கார்ந்து ஒரு காதுக்குழலை அபினாவுக்குக் கொடுத்திருந்தான்.

"எப்படி இருக்கு?"

"இரைச்சலா இருக்கு."

"அர்த்தத்தைக் கேளுட்டி."

"இந்தச் சத்தத்துல அர்த்தம் எங்க கேக்குது?"

அவன் சிரித்துவிட்டு அந்தக் குழலையும் தன் காதிலேயே மாட்டிக்கொண்டான்.

ஆகஸ்டில் ஜெஃப்ரினின் அம்மா குளோரி, ஊர்ச் சாமியாருக்குத் தெரியாமல், மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஜெபவீட்டுக்கு அவனைக் கூட்டிப் போனாள். அபினாவும் போனாள். தகரக் கூரைக்குக் கீழே முந்நூறு பேர். கீபோர்டு, டிரம்ஸ், ஒலிபெருக்கி. ஜெபம் செய்கிறவர் அவன் தலையில் கைவைத்து அழுத்தினார். டிரம்ஸ் வேகமெடுத்தது. எல்லோரும் கையை உயர்த்தி அவரவருக்கு வந்ததைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஜெஃப்ரின் வாய் திறந்தது. பாடினான்.

ஒன்றிரண்டு சொல் இல்லை. நாலு வரி, நிறுத்தாமல், சுருதி பிசகாமல். நாக்கு தடித்திருந்ததால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"அந்நிய பாஷை. பாஷையின் வரம் இறங்கியிருக்கு" என்றார் ஜெபம் செய்கிறவர். கூட்டம் முழங்கியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணை மூடியபடி எழுந்து அந்தப் பாஷைக்கு வியாக்கியானம் சொன்னாள். மகனே, ஏழு மலைகளையும் உனக்கு முன்பாகச் சமமாக்குவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்.

அபினா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் குளோரி சொன்னாள். "ஆவியானவர் பேசினாரு மக்கா. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

"மாமி, அது ஆவியானவர் இல்ல. இவரு ஃபோன்ல உள்ள பாட்டு."

"எந்தப் பாட்டு?"

"அந்த எழவை நிறுத்துலேன்னு நீங்க அடுக்களையில நின்னு சத்தம் போடுவீங்கல்லா. அந்தப் பாட்டு."

பஸ் திங்கள்சந்தைக்கு வரும்வரை குளோரி யோசித்தாள்.

"எழவோ என்னவோ. பிள்ள வாய் தொறந்தாம்லா" என்றாள்.

ஜன்னலோரம் இருந்த ஜெஃப்ரினின் தோள் குலுங்கியது. பைக் சறுக்கிய அந்த மழைக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

அவன் பாடினான் என்ற செய்தி அவர்களுக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. அது நல்லதாக முடியவில்லை. பாட்டு வருகிறவனுக்குப் பேச்சு வராதா என்று கேட்டார்கள். மறுநாள் சாயங்காலம் சிலுவை மாமா என்ஜின் கொட்டகைக்கு வந்தார். அபினாவின் அம்மாவின் அண்ணன். அபினாவுக்கு மூன்று வயதில் அவள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அன்றிலிருந்து அவள் சாப்பிட்டது மாமாவின் வலையில் விழுந்ததைத்தான்.

"ஏலே ஜெஃப்ரின், எம் பேரு என்ன?"

ஜெஃப்ரின் வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை.

"சரி. உம் பேரு?"

அதுவும் வரவில்லை.

மாமா பக்கத்தில் நின்ற அபினாவைக் காட்டினார். "இவ பேரு?"

ஜெஃப்ரின் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

மாமா அவளை வெளியே அழைத்தார். "ஏட்டி, இங்கிலீசு பாட்டு வருது. தமிழ்ல ரெண்டு வார்த்தை வரல்ல. நாலு வருசம் வெளிநாட்டுல நின்னவன். பெண்ணு வேண்டாம்னு சொல்ல மாட்டாம வாயை மூடிக்கிட்டு இருக்கானோ என்னமோ."

"மாமா."

"நான் சொல்லல்ல. ஊரு சொல்லுது. மனசில்லாத ஒருத்தன் கழுத்துல பிள்ளையைக் கட்டிவெச்சான் சிலுவைன்னு நாளைக்கு ஒரு நாக்கு பேசக்கூடாது. பீடத்துக்கு முன்ன நின்னு அவன் வாயால சம்மதம் சொல்லட்டு. சொன்னாம்னா நானே பந்தல் போடுதேன்."

"பேச முடியாதவங்க சைகையில சொன்னாலும் செல்லும்னு சாமி சொன்னாரு."

"சாமி மாறிப் போயிருவாரு. ஊரு இங்ஙனதான் கெடக்கும்."

மாமா குரலைத் தாழ்த்தினார். டிசம்பரில் திருவருகைக் காலம் தொடங்கும். தொடங்கினால் கல்யாணம் இல்லை. வாசித்த ஓலை ஆறு மாதத்துக்கு மேல் நிற்காது. அதற்குள் இவன் சொல்லாவிட்டால், பெண் கேட்டிருக்கும், சவுதியில் வேலை பார்க்கும் ஒருவன் வீட்டுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "உன்னை அடிச்சு ஒண்ணும் கெட்டிவைக்க மாட்டேன். ஆனா ரெண்டு ஓலையில நிக்குற பிள்ளையா எத்தனை நாளு இருப்ப?"

அபினா மணவாளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். அடுத்த நாள் கூட்டமில்லாத நேரம் பார்த்து, ஜெஃப்ரின் பாடியதில் காதில் நின்ற இரண்டு மூன்று சொற்களைத் தட்டினாள். பாட்டு வந்தது. சத்தமில்லாமல், எழுத்தாக. தெரியாத சொல்லுக்கு அர்த்தம் தேடித் தேடிப் படித்தாள்.

படகு இருந்தது, பெயர் இருந்தது.
தண்ணீர் இரண்டையும் வாங்கிக்கொண்டது.
மிச்சம் இருப்பது நான்.
இதையும் எடுத்துக்கொள்.

இந்த நாலு வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. நடுவில் கிட்டாருக்கான இடம். பாடுவது யார், எந்தத் தண்ணீர், யாரிடம் சொல்கிறான், ஒன்றும் இல்லை.

முதலில் அப்பாவை நினைத்தாள். படகும் பெயரும் போன ஆள். பிறகு ஜெஃப்ரினை நினைத்தாள். சொந்தப் பெயரைச் சொல்ல முடியாத ஆள். ஒருவர் வந்து ஆதார் நகல் எடுக்கவேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி படித்தாள்.

ஜூனுக்குப் பிறகு அவள் ஜெபிக்கவில்லை. ஜெபமாலை கையில் நகர்ந்தது, அவள் நகரவில்லை. அவளுக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் கேட்பது. அப்பாவைக் கேட்டிருந்தாள். பரீட்சையைக் கேட்டிருந்தாள். இவனைக் கேட்டிருந்தாள். கேட்டுக் கேட்டு வாய் சலித்திருந்தது. இந்தப் பாட்டில் கேட்பது ஒன்றுகூட இல்லை. குணமாக்கு என்று இல்லை. திருப்பிக் கொடு என்று இல்லை. எல்லாம் போனவன் ஒருவன் போனதைப் பற்றிப் புலம்பாமல், இருப்பதை எடுத்து நீட்டுகிறான். அதுவும் தலை நிமிர்ந்து, தொண்டை கிழிய.

சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்து நின்று அந்த நாலு வரியையும் தமிழில் சொன்னாள். ஆண்டவரிடம்தான் சொன்னாள். சொல்லி முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது. வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் கொட்டகையில் கேட்டாள். "இந்தப் பாட்டு யாருகிட்ட பாடுறது?"

ஜெஃப்ரின் முதலில் கடலைக் காட்டினான். பிறகு மேலே காட்டினான். பிறகு அவளைக் காட்டினான். பிறகு கையை விரித்தான்.

டாக்டரம்மாவிடம் போய் அவன் பாடுவதைச் சொன்னார்கள். அவர் ஆச்சரியப்படவில்லை. பேச்சு இருக்கிற இடம் வேறு, பாட்டு இருக்கிற இடம் வேறு; அடி பட்டது பேச்சு இருக்கிற பக்கம் என்றார். "வேண்டிய வார்த்தையைப் பாட்டுல ஏத்திக் கொண்டு வரலாம். சிலருக்கு வரும். சிலருக்கு வராது. இடது கையால தாளம் தட்டட்டும். நீ மட்டும் வார்த்தையை எடுத்துக் குடுக்காத. எடுத்துக் குடுத்தா அவன் காத்துக்கிட்டே இருப்பான்."

கல்யாண வாக்குறுதி நாலு வரிதான். அதை ஏற்ற ஒரு மெட்டு தேடிக் கோயில் பாட்டுகளில் தொடங்கினார்கள். சின்ன வயதிலிருந்து பாடிய மாதா பாட்டு, திருவிழாப் பாட்டு. ஒன்றும் வரவில்லை. உதடு அசைந்தது; குரல் எழவில்லை. அவற்றையெல்லாம் அவன் கூட்டத்தோடு பாடியிருந்தான். இந்த ஒரு பாட்டைத்தான் பஹ்ரைனில் ஆளில்லாத அறையில் தனியாகப் பாடியிருந்தான்.

எனவே அதே மெட்டு. ஆனால் மெட்டைத் தொட்டால் ஆங்கிலம் முந்திக்கொண்டு வந்தது. "ஜெஃப்ரின் ஆகிய நான்" என்று அவள் எழுதி நீட்டுவாள். அவன் படகு இருந்தது என்று ஆங்கிலத்தில் எடுப்பான். எடுத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொள்வான். இரண்டு வாரம் அப்படியே போயிற்று. ஒருநாள் சுத்தியலை எறிந்தான். குளோரி எட்டிப் பார்த்து, "எறிஞ்சதை எடுத்து வெச்சுட்டுப் பாடுலே" என்று சொல்லிப் போனாள்.

அபினா கடைசியிலிருந்து தொடங்கினாள். பாட்டின் கடைசி வரி எடுத்துக்கொள் என்கிறது. வாக்குறுதி ஏற்றுக்கொள்கிறேன் என்கிறது. ஒருவன் நீட்டுகிறான், ஒருவன் வாங்குகிறான், ஒரே கைமாற்றம்தான். அவனை மூன்று வரி ஆங்கிலத்தில் பாடவிட்டாள். நாலாவது வரியில் அந்தச் சொல்லை மட்டும் காட்டினாள். அவன் இடது கை என்ஜின் மூடியில் தட்டிக்கொண்டிருந்தது.

"ஏற்றுக்கொள்கிறேன்" என்று பாடினான்.

இருவரும் அசையவில்லை. ஒரு அசைவில் அது கலைந்துவிடும்போல இருந்தது. அவன் மறுபடி பாடினான். மறுபடியும் வந்தது. அன்று இருட்டும்வரை அந்த ஒரு சொல்லைத்தான் பாடினான். கரையில் வலை அலசிக்கொண்டிருந்தவர்கள் கேட்டுச் சலித்து, "ஏலே, எதையாவது ஏத்துக்கிட்டுத் தொலை" என்று கத்தினார்கள்.

பிறகு மூன்றாவது வரி வந்தது. பிறகு இரண்டாவது. அவள் பெயர் அக்டோபர் முடிவில் வந்தது. அவனுடைய பெயர்தான் கடைசி.

நவம்பர் தொடக்கத்தில் அபினா ஊர்ச் சாமியார் ஜான்ரோஸைப் பார்க்கப் போனாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சினிமா மெட்டுக்குக் கோயில்ல இடமில்லன்னு போன மாசம்தான் பாடகர் குழுவைத் திட்டினேன்."

"இது சினிமா இல்ல, சாமி."

"அதைவிட மோசம்லா. அந்த மாதிரிப் பாட்டெல்லாம் செமினரியில நானும் கேட்டிருக்கேன். ஒளிச்சு வெச்சு." அவர் சிரிப்பை அடக்கினார். "வார்த்தை என்ன?"

அவள் நாலு வரியையும் தமிழில் சொன்னாள். சாமியார் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"யாருக்குப் பாடுனது? பெண்ணுக்கா, ஆண்டவருக்கா?"

"எனக்குத் தெரியல்ல. எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கும், இல்ல தெரியாமலும் இருக்கும். நான் ஆண்டவர்கிட்ட சொல்லிப் பாத்தேன், பொருந்திச்சு. ஜெஃப்ரின் எங்கிட்ட பாடினாரு, அதுவும் பொருந்திச்சு."

சாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பாட்டு வேண்டாம். பாட்டுல உள்ள வார்த்தையும் வேண்டாம்" என்றார். "வாக்குறுதி புத்தகத்துல உள்ளபடி இருக்கணும், ஒரு எழுத்து மாறக்கூடாது. எந்த ராகத்துல சொல்லணும்னு புத்தகத்துல போடல்ல. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

நவம்பர் பதினெட்டில் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றபோது சில தலைகள் சிலுவை மாமா பக்கம் திரும்பின. மாமா கையைக் கட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்தார். பந்தலுக்குச் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் போடலாம் என்று இருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை கல்யாணம். கோயில் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். கல்யாணம் பார்க்க வந்தவர்கள் பாதி. அவன் பேசுகிறானா என்று பார்க்க வந்தவர்கள் பாதி. சாமியார் இருவருடைய வலது கைகளையும் சேர்த்துவைத்தார். மைக்கை ஜெஃப்ரின் வாய்க்கு நேராகத் திருப்பினார். பாடகர் குழுவைப் பார்த்தார்; கீபோர்டு நின்றது.

ஜெஃப்ரினின் இடது கை தொடையில் தட்டியது. ஒன்று, இரண்டு.

"ஜெஃப்ரின் ஆகிய நான்" என்று பாடினான். குரல் சின்னதாக இருந்தது. "அபினா ஆகிய உன்னை..."

பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"இன்பத்திலும்" என்றான். நின்றுவிட்டான்.

மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை தாளத்தை விட்டுவிட்டது. முதல் பெஞ்சில் சிலுவை மாமா எழப்போகிறவர்போல முன்னால் சாய்ந்தார். அடுத்த சொல் அபினாவின் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. எடுத்துக் கொடுக்கவில்லை. தன் கைக்குள் இருந்த அவன் வலது கையை, பாதி உணர்ச்சியுள்ள அந்தக் கையை, பெருவிரலால் அழுத்தினாள். ஒன்று. இரண்டு. ஒன்று. இரண்டு.

பாட்டை நடுவில் எடுக்க முடியாது. அவன் முதலிலிருந்து தொடங்கினான்.

இந்த முறை கோயிலில் பாடுகிறவன்போலப் பாடவில்லை. கொட்டகையில் பாடுகிறவன்போலப் பாடினான். அவன் பெயர் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவள் பெயர் வந்தது. இன்பம் வந்தது, துன்பம் வந்தது, நோய் வந்தது. மெட்டு மேலே ஏறுகிற இடத்தில் வாழ்நாளெல்லாம் என்ற சொல் இருந்தது. அங்கே அவன் குரல் உடைந்தது. உடைந்தபடியே மேலே போய்ச் சேர்ந்தது. அங்கேயே சற்று நின்றது. பிறகு இறங்கி வந்து கடைசிச் சொல்லை ஒரு பொருளைத் தரையில் வைப்பதுபோல வைத்தது.

கிழவிகள் இடமில்லாத இடத்தில் ஆமென் என்றார்கள். வாசலில் யாரோ விசில் அடித்தார்கள். சாமியார் கேட்காததுபோல இருந்தார். குளோரி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். சிலுவை மாமா கோயில் என்பதை மறந்து பக்கத்து ஆளின் தொடையில் அறைந்து, "கேட்டீராவே" என்றார். ஈரமான முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, பின்னால் நின்றவர்களிடமும் திரும்பிக் கேட்டார். "எல்லாருக்கும் கேட்டுச்சா? வெளிய நிக்கவனுக்கும் கேட்டுச்சா? ஓடிப் போய்ப் பந்தல்காரனைக் கூட்டிட்டு வா."

சாமியார் மைக்கை அபினா பக்கம் திருப்பினார்.

மூன்று மாதமாக அவள் அவனுடைய வார்த்தைகளைப் படித்திருந்தாள். எந்த எழுத்தில் மூச்சு விடுவான், எந்தச் சொல்லில் தடுக்குவான், எல்லாம் தெரியும். தன்னுடைய வார்த்தைகளை ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் வந்தது. சாமியார் காத்திருந்தார்.

ஜெஃப்ரின் அவள் பக்கம் குனிந்தான். தாளம் இல்லை, மெட்டு இல்லை. பேச்சாகத்தான் கேட்டான், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"ஏட்டி, நீ சொல்லல்லியா?"